‘வழியறான்’னா என்ன அர்த்தம்?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)



போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. பெங்களூருல ஐடி கம்பெனியில வேலை பார்க்கற ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. அவங்க டீம்ல ஒரு பையன். பக்கத்து டீம் பொண்ணு காபி மெஷின் கிட்ட வந்தா போதும், கையில முழு கப் காபி இருந்தாலும் எழுந்து போய் நிப்பானாம். அந்தப் பொண்ணு ‘ஹாய்’னு சொன்னா, பதிலுக்கு இவன் சிரிக்கற சிரிப்பு மத்தியானம் வரைக்கும் முகத்துல இருக்குமாம். இதைப் பார்த்துட்டு இவங்க பக்கத்து சீட் டெல்லிப் பொண்ணுகிட்ட “ஹீ இஸ் வழிஞ்சிங்”னு சொல்லிட்டாங்க. அப்படின்னா என்னன்னு அந்தப் பொண்ணு கேட்டதும் மாட்டிக்கிட்டாங்க. ஃப்ளர்ட் பண்றானா? இல்லை, அதுக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் வேணும், இவன்கிட்ட அது சுத்தமா இல்லை. லவ் பண்றானா? அதுவும் உறுதியா சொல்ல முடியலை. தப்பா நடந்துக்கறானா? சேச்சே. “அப்ப அவன் என்னதாண்ணா பண்றான்? ஒரு எபிசோட் போடுங்க”ன்னு கேட்டிருந்தாங்க.

பத்து நிமிஷத்துல முடியற விஷயம்னு நினைச்சுதான் நோட்ஸ் எடுக்க ஆரம்பிச்சேன். எழுத எழுத 2009ல நான் போயிட்டிருந்த ஒரு பஸ் ஞாபகம் வந்துடுச்சு. அதைச் சொல்லாம இந்த வார்த்தையைப் பத்திப் பேச முடியாதுன்னு தோணுது. அதனால இந்த எபிசோட் காமெடியா ஆரம்பிக்கும், கடைசி வரைக்கும் அப்படியே போகாது.

முதல்ல சமையலறைக்குப் போவோம். பால் பொங்கி வழியுது. கிரைண்டர்ல இருந்து மாவை வழிச்சு எடுக்கறோம். தலையில எண்ணெய் ஜாஸ்தியா வெச்சா நெத்தியில வழியுது. மூணுலயும் ஒரு பாத்திரம் இருக்கு, அதுல ஏதோ ஒண்ணு இருக்கு, அது விளிம்பைத் தாண்டி வருது, இல்லைன்னா நாம அதை எடுக்கறோம். (பாதைன்னு அர்த்தம் வர்ற ‘வழி’யை இங்க இழுக்க வேண்டாம்.)

இப்ப “மூஞ்சில அசடு வழியுது”ன்னு சொல்றதை எடுத்துக்கங்க. இங்க பாத்திரம் முகம். உள்ள இருக்கற அசட்டுத்தனம் கொள்ளாம வெளிய வருது. இதுக்குக் காதல் தேவையே இல்லை. வைவால பதில் தெரியாம முழிச்சாலும் அசடு வழியலாம், கல்யாண வீட்டுல வேற யாரையோ நம்ம சித்தப்பான்னு நினைச்சு முதுகுல தட்டிட்டாலும் வழியலாம். ஆனா அந்த ‘அசடு’ங்கற வார்த்தையை எடுத்துட்டு, வெறுமனே “அவன் வழியறான்”னு சொல்லிப் பாருங்க. இப்ப வழியறது அசடு இல்லை, ஆளே வழியறான். அர்த்தமும் ஒரே இடத்துக்கு வந்து நின்னுடுது. ஒருத்தர் மேல பிரியம், அதை மறைக்கவும் தெரியலை, ஒழுங்கா சொல்லவும் தெரியலை, அது மூஞ்சில ஓடுது. மேனேஜர்கிட்ட வழியறவங்களும் இருக்காங்க, அது வேற டிபார்ட்மென்ட். ஆனா அங்கயும் அதே சிரிப்புதான்.

இந்த வார்த்தைக்கு மூணு பேர் வேணும். இதை கவனிச்சதும்தான் எனக்கு இதுல சுவாரசியமே வந்துச்சு. வழியறவன் ஒருத்தன். யார்கிட்ட வழியறானோ அவங்க ஒருத்தர். இதை ஓரமா நின்னு பார்த்துட்டு “டேய், வழியறான் பாரு”ன்னு சொல்ற மூணாவது ஆள். காதலிக்கறேன்னு நம்மைப் பத்தி நாமே சொல்லலாம். “நான் இப்ப வழிஞ்சிட்டிருக்கேன்”னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சொன்னா இறந்த காலத்துல சொல்லுவோம். “அப்பல்லாம் எப்படி வழிஞ்சிருக்கேன் தெரியுமா”ன்னு, பத்து வருஷம் கழிச்சு, கல்யாணம் ஆன பிறகு. நிகழ்காலத்துல அது எப்பவுமே மத்தவங்க நம்ம மேல ஒட்டற லேபிள். அந்த மூணாவது ஆள் நல்லவனா இருந்தா “தொடைச்சுக்கோ, வழியுது”ன்னு கர்சீப்பை நீட்டுவான்.

இதோட சொந்தக்கார வார்த்தைகளை வேகமா பார்த்துடலாம். ‘ஜொள்ளு’ங்கறதும் ஒழுகறதுதான். கன்னடத்துலயும் தெலுங்குலயும் ஜொள்ளுன்னா எச்சில். ஆனா ஜொள்ளு விடறது கண்ணோட வேலை, வழியறதுக்குப் பேச்சு வேணும், இல்லைன்னா குறைஞ்சபட்சம் ஒரு சிரிப்பாவது வேணும். ரோட்டுல போற முன்பின் தெரியாத ஆளைப் பார்த்து ஜொள்ளு விடலாம், தெரிஞ்ச ஆள்கிட்டதான் வழிய முடியும். காதல்ல தோத்தவனுக்கு அந்தக் காலத்துல பேரு ‘தேவதாஸ்’. 1953ல நாகேஸ்வர ராவ் நடிச்ச படத்துக்கு அப்புறம் தாடி வெச்சவன் எல்லாம் தேவதாஸ்தான். 1991ல கதிர் எடுத்த ‘இதயம்’ வந்ததும் காதலைச் சொல்லாமலே சுத்தறவன் ‘இதயம் முரளி’ ஆயிட்டான். 2011ல கொலவெறிப் பாட்டு வந்ததுல இருந்து ‘சூப் பாய்’. இப்ப பசங்க ‘சிம்ப்’னு சொல்றாங்க, ‘க்ரிஞ்ச்’னு சொல்றாங்க. ஏதாவது ஒரு பேர் வெச்சுச் சிரிக்காம எந்தத் தலைமுறையும் காதலிச்சதில்லை போல.

‘கடலை போடறது’ மட்டும் எனக்குச் சொந்தமா வராது. நான் வந்தவாசிக்காரன். எங்க பக்கம் வேர்க்கடலைக்குப் பேரு மல்லாட்டை. “அவன் மல்லாட்டை போடறான்”னு சொன்னா, ஆடிப்பட்டத்துல விதைக்கறான்னு அர்த்தம். (சிரிப்பு) சென்னைக்கு வந்து முதல் வாரம் ஹாஸ்டல்ல “அவன் கடலை போட்டுட்டு இருக்கான்”னு சொன்னப்ப நான் பயிர் பத்தித்தான் யோசிச்சேன்.

இன்னொண்ணு. நம்ம மொழியில அன்புக்கான வார்த்தைகள்ல நிறைய தண்ணி சம்பந்தப்பட்டதா இருக்கு. உருகறோம், கரையறோம், மனசு பொங்குது, கண்ணு தளும்புது. மாணிக்கவாசகரைப் பத்திப் பேசினா உருக்கம்னு சொல்லாம பேச முடியாது. ஆக, கோயில்ல நின்னு உருகினா பக்தி. அதே ஆள் பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒரு பொண்ணுக்காக உருகினா வழிசல். உள்ள இருக்கற தண்ணி என்னவோ ஒண்ணுதான்.

எங்க ஊர்ல இருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். வந்தவாசின்னா உங்களுக்கு ஸ்கூல் புக்ல ஒரு வரி ஞாபகம் வரும், 1760ல இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சண்டை போட்ட ஊர். அதுக்கு ஒன்பது நூற்றாண்டு முன்னாடியே பக்கத்துல இன்னொரு சண்டை நடந்துச்சு. வந்தவாசியில இருந்து திண்டிவனம் போற ரோட்டுல தெள்ளாறுன்னு ஒரு ஊர் வரும். அங்கதான் மூணாம் நந்திவர்ம பல்லவன் பாண்டியனை ஜெயிச்சான். ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’னே அவனுக்குப் பேரு. அவன் மேல பாடினதுதான் நந்திக்கலம்பகம். எழுதினவர் பேர் நமக்குத் தெரியாது. பாட்டைக் கேட்டா செத்துடுவோம்னு தெரிஞ்சும், தமிழ் மேல இருந்த ஆசையில கேட்டு உயிரை விட்டான்னு ஒரு கதையும் உண்டு. கதைதான், வரலாறு இல்லை. அந்தக் கலம்பகத்துல பொண்ணுங்க அவனை நினைச்சு உருகறாங்க. தூக்கம் போச்சு, நிலா சுடுதுங்கற ரகம். யாரும் சிரிக்கறதில்லை, ஏன்னா அவன் ராஜா. ஒரு ஆளுக்கு முன்னாடி நீங்க வழியறது சிரிப்பா மரியாதையாங்கறது, முக்கால்வாசி, எதிர்ல நிக்கற ஆள் யாருங்கறதைப் பொறுத்தது.

சரி, ராஜாவை விடுங்க. எங்க தாத்தாவுக்கு வர்றேன்.

தாத்தா கோரைப்பாய் வியாபாரம். வந்தவாசிப் பாய் கேள்விப்பட்டிருப்பீங்க. கடையைப் பூட்டிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ஆயாவுக்குப் பூ வாங்கிட்டு வருவாரு. (எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம்.) அந்தப் பூவைக் கையில பிடிச்சுட்டு வந்து நான் பார்த்ததே இல்லை. துண்டுல சுருட்டி அக்குள்ல வெச்சிருப்பாரு. ஏன்னு ஒரு நாள் டீக்கடை வழியா அவர் கூட நடந்து வந்தப்பதான் புரிஞ்சுது. பெஞ்சுல உட்கார்ந்திருந்த ஒருத்தர், “இன்னா பெருசு, துண்டுல இன்னா? இந்த வயசுலயும் வழியறியே”ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. தாத்தாவும் சிரிச்சாரு. ஆனா அடுத்த நாள்ல இருந்து டீக்கடை இல்லாத தெரு வழியா வந்தாரு.

அதுக்கப்புறம் ஆயா விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்த படுக்கை. தலை வாரிவிடறது தாத்தாதான். சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, பின்னல் போட்டு, ரிப்பன் கூட கட்டுவாரு. அவ்வளவு பொறுமை. வாசல்ல யாராவது செருப்பு கழட்டற சத்தம் கேட்டா போதும், சீப்பு பாய்க்கு அடியில போயிடும். பாதிப் பின்னலோட ஆயா படுத்திருப்பாங்க. ஒரு தடவை சித்தப்பாவே சொன்னாரு, “ஆளுங்க பார்த்தா சிரிப்பாங்கப்பா, அத்தையை வரச் சொல்றேன், அவங்க வாரிவிடட்டும்”னு. கட்டின பொண்டாட்டிக்கு, அம்பது வருஷம் கழிச்சு, தலை வாரிவிடறது. அதுக்கும் இந்த ஒரே வார்த்தைதான் எங்ககிட்ட இருந்துச்சு.

இது எங்க டீக்கடையோட குற்றம் மட்டும் இல்லை, ரொம்பப் பழைய பழக்கம். தொல்காப்பியத்துல காதலை ஏழா பிரிக்கறாங்க. நடுவுல அன்பின் ஐந்திணை. ஒரு ஓரத்துல கைக்கிளை, அதாவது ஒருபக்கக் காதல். இன்னொரு ஓரத்துல பெருந்திணை, அதாவது பொருந்தாத காதல், அளவு மீறின காதல். அந்தப் பெருந்திணைக்குள்ள என்னென்ன வரும்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல ஒண்ணு, இளமை தீர்ந்த பிறகு வர்ற காமம். நம்ம டீக்கடைக்காரர் தொல்காப்பியம் படிச்சிருக்க மாட்டாரு. ஆனா வயசானவங்களோட ஆசையைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிற பழக்கம் அங்கயே இருக்கு. இந்த இடத்துல எனக்குத் தொல்காப்பியரோட சண்டைதான்.

அதே பட்டியல்ல இருக்கற இன்னொரு விஷயத்துல அவர் பக்கம் நான் நிப்பேன். மடல் ஏறறது.

மடல் தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். சங்க காலத்துப் பாட்டுகள்ல ஒரு வழக்கம் வரும். காதல் கைகூடாதவன் பனை மட்டையில குதிரை மாதிரி ஒண்ணு செஞ்சு, உடம்புல சாம்பல் பூசி, எருக்கம்பூவைத் தலையில சூடி, காதலியோட படத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊர்த் தெருவுல வருவான். பனை மட்டையோட ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், உட்கார்ந்தா கிழிக்கும். ஊரே கூடிச் சிரிக்கும். குறுந்தொகை 17, பேரெயின் முறுவலார் பாடினது, இதைத்தான் பேசுது. திருக்குறள்ல 114ஆவது அதிகாரம் ‘நாணுத் துறவுரைத்தல்’, அதுலயும் மடல் வரும். தலைப்பையே பாருங்க, வெட்கத்தைத் துறக்கறதாம். வழியறதோட உச்சம்னு வெச்சுக்கங்க. நாம மூஞ்சியில வழிஞ்சா அவன் தெரு முழுக்க வழியறான்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. “எனக்கு அவ கிடைக்கலைன்னா மடல் ஏறிடுவேன்”னு தோழிகிட்ட சொல்றது காதலுக்குள்ள வரும். ஐந்திணைக்குள்ளயே அதுக்கு இடம் உண்டு. நிஜமாவே ஏறிட்டான்னா அது பெருந்திணை. பட்டியல்ல இருக்கறதும் ‘ஏறிய’ மடல்தான். அந்த ஒரு விகுதியில ரெண்டையும் பிரிச்சு வெச்சிருக்காங்க. உன் மனசு தாங்காம புலம்பறியா, புலம்பு, பாவம்னு பாட்டாவே பாடறோம். தெருவுக்கு வந்து, அவ பேரை, அவ படத்தை ஊர் முன்னாடி தூக்கிப் பிடிச்சு, அவ வீட்டை நெருக்கடிக்குள்ள தள்றியா, அது வேற. ஏன்னா இப்ப சிரிப்பு உன்மேல மட்டும் விழலை.

பொண்ணுங்க மடல் ஏறக் கூடாதுன்னும் விதி இருந்துச்சு. வள்ளுவர் அதைப் பெண்ணோட பெருமைன்னே சொல்றாரு. திருமங்கையாழ்வார்தான் சிறிய திருமடல், பெரிய திருமடல்னு ரெண்டு எழுதி, பொண்ணு வேஷத்துல நின்னு, நான் ஏறுவேன்னு பெருமாளையே மிரட்டினாரு. ரொம்பப் பிடிச்ச கலாட்டா எனக்கு அது. ஆனா அது ஆழ்வார். நம்ம தெருவுல? பையன் பிரியத்தைக் காட்டினா “வழியறான்”, அதுல ஒரு செல்லம் இருக்கு, மன்னிப்பு இருக்கு. பொண்ணு அதே அளவு காட்டினா “அலையறா”. அதுல செல்லம் எதுவும் இல்லை. எந்தப் பொண்ணுகிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க, இந்த ரெண்டு வார்த்தைக்கும் எடை வித்தியாசம் தெரிஞ்சிருக்கும்.

இப்ப அந்த பஸ்.

2009. நாங்க வந்தவாசியில இருந்து பக்கத்து ஊர்க் காலேஜுக்குத் தினமும் பஸ்ல போவோம். ஸ்கூல்ல என்கூடப் படிச்ச ஒரு பொண்ணும் அதே பஸ். ஒரு பையன் ஏற ஆரம்பிச்சான். அவனுக்குக் காலேஜும் இல்லை, அந்த ஊர்ல வேலையும் இல்லை. அவ சீட்டுக்குப் பின்னாடி நிப்பான். ஏதாவது கேப்பான், அவ ஜன்னலைப் பார்த்துட்டு இருப்பா. இவன் தனக்குத்தானே சிரிச்சுப்பான். அவ இறங்கற ஸ்டாப்புல இறங்கி, காலேஜ் கேட் வரைக்கும் பத்தடி பின்னாடி நடந்து வருவான். கடைசி சீட்ல நாங்க ஆறேழு பேர். எங்களுக்கு இது தினசரி சீரியல். “டேய், இதயம் முரளி ஏறிட்டான்டா.” “இன்னைக்குப் புதுச் சட்டைடா.” “இன்னாமா வழியறான் பாரு.” அவன்கிட்ட நாங்க ஃப்ரெண்டு கூட ஆயிட்டோம். இப்படிப் பேசு, அப்படிக் கேளுன்னு டயலாக் சொல்லிக் குடுத்தோம். நானும் சொல்லிக் குடுத்தேன்.

ஒரு மாசத்துல அவ முந்தின பஸ்ஸுக்கு மாறினா. ரெண்டு நாள்ல அவனும் மாறினான். அரையாண்டு லீவுக்கு அப்புறம் அவ எந்த பஸ்லயும் வரலை. வேலூர்ல சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, தபால்ல படிக்கறான்னு கேள்விப்பட்டோம். அன்னைக்கு பஸ்ல நாங்க என்ன பேசினோம்னு எனக்கு இன்னைக்கும் தெளிவா ஞாபகம் இருக்கு. “பாவம்டா, தேவதாஸ் ஆயிடுவான் போல.” பாவம்னு சொன்னது அவனை.

எங்களுக்கு அந்தக் கண்ணாடியைக் குடுத்தது சினிமான்னு சொல்லித் தப்பிக்கலாம். பாதி உண்மைதான். ஒரு பொண்ணு பின்னாடி காமெடியன் நடந்தா நம்ம படத்துல டொய்ங்னு ஒரு சவுண்டு வரும், அது வழிசல். அதே பொண்ணு பின்னாடி ஹீரோ நடந்தா வயலின் வரும், அது காதல். ரெண்டுலயும் அந்தப் பொண்ணு வேகமாத்தான் நடந்துட்டு இருப்பா. அவ நடையை யாரும் பார்க்கறதில்லை.

அப்ப சட்டம் இல்லையான்னா, இருந்துச்சு. சென்னையில ஈவ் டீசிங்கால ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு 1998லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்துச்சு. பின்தொடர்றதையே குற்றமா எழுதினது 2013ல, இந்திய தண்டனைச் சட்டம் 354டி. இப்ப அது பாரதிய நியாய சன்ஹிதாவுல 78ஆவது பிரிவு. அதுல என்ன சொல்லுதுன்னா, ஒரு பெண் தனக்கு விருப்பம் இல்லைன்னு தெளிவாக் காட்டின பிறகும், ஒரு ஆண் திரும்பத் திரும்பப் பின்னாடி போறது, பேச முயற்சி பண்றது குற்றம். அவங்க ஆன்லைன்ல என்ன பண்றாங்கன்னு கண்காணிக்கறதும் குற்றம். முதல் தடவை மூணு வருஷம் வரைக்கும், மறுபடி செஞ்சா அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை. ஜன்னலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கறது விருப்பம் இல்லைன்னு காட்டறதுதான். பஸ்ஸை மாத்திக்கறது அதை விடத் தெளிவாக் காட்டறது. கடைசி சீட்ல இருந்து எங்களுக்கு ரெண்டும் தெரிஞ்சுது, ஆனா கேலிதான் வந்துச்சு.

2016 ஜூன் 24, காலையில, நுங்கம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு இளம்பெண்ணை வெட்டிக் கொன்னாங்க. 2022 அக்டோபர்ல பரங்கிமலை ஸ்டேஷன்ல ஒரு மாணவியை ரயில் முன்னாடி தள்ளிவிட்டாங்க. இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ‘ஒருதலைக் காதல்’னு ஒரு வார்த்தை வரும், கவனிச்சிருப்பீங்க. கைக்கிளைங்கற பழைய சொல்லோட இன்னைய வடிவம். சொல்லித் தீர்க்க முடியாம தனக்குள்ளயே புழுங்கறவனுக்கான வார்த்தை அது. அதைக் கொண்டு போய்க் கொலைக்கு முன்னாடி போட்டா, கொலையிலயும் கொஞ்சம் காதல் ஒட்டிக்குது. எங்க பஸ் பையன் யாரையும் அடிக்கலை, எதுவும் வீசலை. அவனை இந்தக் கொலைகாரங்களோட ஒரே வரிசையில நிக்க வைக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனா அன்னைக்கு அந்த வித்தியாசம் ஜன்னல் சீட்ல இருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

அதை அவகிட்டயே கேக்கற சந்தர்ப்பம் போன வருஷம் வந்துச்சு. என் பெரியம்மா பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க ஆரணிக்குப் போயிருந்தோம். எங்க பக்கம் யார் வீட்டுல கல்யாணம்னாலும் ஒரு தடவை ஆரணிக்குப் போகாம முடியாது. கடையில பாய் விரிச்சுப் புடவையா எடுத்துப் போட்டுட்டு இருக்காங்க. எதிர்ல தங்கச்சிக்குப் புடவை எடுக்க வந்து உட்கார்ந்திருந்தது அவதான். பதினாலு, பதினஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப பேங்க்ல வேலை பார்க்கறா, ஒரு பையன். பொம்பளைங்க எல்லாம் ஜரிகை பார்த்துட்டு இருந்த நேரத்துல வெளிய டீ குடிக்க வந்தோம். நான்தான் பேச்சை எடுத்தேன். அந்த பஸ்ல நானும் இருந்தேன், சாரின்னு சொன்னேன்.

“நீ இருந்தது தெரியும். உன் சிரிப்புதான் ரொம்பச் சத்தமா கேக்கும்”னா.

கொஞ்ச நேரம் நான் எதுவும் பேசலை. அப்புறம் அவளே சொன்னா. “அவன் மேல கோவம் வர்றதுக்கு முன்னாடி எனக்கு அந்த வார்த்தை மேலதான் கோவம் வந்துச்சு, தெரியுமா? முதல் வாரமே அம்மாகிட்ட சொன்னேன், பஸ்ல ஒருத்தன்னு. ‘என்னடி பண்றான்?’னாங்க. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. கையைப் பிடிக்கலை, எதுவும் தப்பா பேசலை. ‘வழியறான்மா’ன்னேன். அம்மா சிரிச்சிட்டாங்க. ‘உங்கப்பா வழியாததா’ன்னாங்க. ‘பின்னாடியே வரான்மா, பயமா இருக்கு’ன்னு சொல்ல எனக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்குள்ள ஊர்ல பேச்சு வந்துடுச்சு. அப்புறம் வேலூர்.”

இதை எபிசோட்ல சொல்லலாமான்னு போன வாரம் போன் பண்ணிக் கேட்டேன். “பேர் சொல்லாத, மத்தபடி சொல்லு”ன்னா. எங்க தாத்தா சீப்பை ஒளிச்சு வெச்ச கதையையும் அவகிட்ட சொன்னேன். அதுக்குக் கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, “எங்கப்பா ஒரு நாள் கூட எங்கம்மாவுக்குப் பூ வாங்கினதில்லைடா”ன்னா.

சரி, பெங்களூர் தங்கச்சி, உங்க கேள்விக்கு வர்றேன். டெல்லி ஃப்ரெண்டுகிட்ட இப்படிச் சொல்லுங்க. மனசுல இருக்கறது கொள்ளாம மூஞ்சிக்கு வந்துடுது, அவனுக்கு அது தெரியலை, பார்க்கற நமக்குத் தெரியுது, அதனால சிரிக்கறோம். அதுதான் வழியறது. காபி மெஷின் பையன் பண்றது அதுவாத்தான் இருக்கும்னு நானும் நம்பறேன். ஆனா நாம ரெண்டு பேருமே மூணாவது ஆள். அதனால ஒண்ணே ஒண்ணு பார்த்துட்டுச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு இப்பவும் வழக்கமான நேரத்துக்குத்தான் காபி குடிக்க வர்றாங்களா? இல்லை, நேரத்தை மாத்திக்கிட்டாங்களா? மாத்தியிருந்தாங்கன்னா சிரிக்கறதை நிறுத்திட்டு, அவங்ககிட்ட போய் ஒரு வார்த்தை கேளுங்க. உங்க ஆபீஸ்ல பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க ஒரு உள்ளகக் குழு இருக்கும், பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற இடத்துல அது 2013 சட்டப்படி இருந்தே ஆகணும். வெளிய நடக்கற விஷயம்னா 181, பெண்கள் உதவி எண்.

மத்தவங்க எல்லாரும், உங்க ஊர்ல ‘வழியறான்’க்கு வேற வார்த்தை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. குறிப்பா மதுரை, நாகர்கோவில், யாழ்ப்பாணம் மக்கள். வயசானவங்க பிரியத்துக்கு நல்ல வார்த்தை ஏதாவது இருந்தா அதையும் சேர்த்து அனுப்புங்க, எங்க டீக்கடையில தேடிப் பார்த்துட்டேன், கிடைக்கலை.